காட்டிக்கொடுக்கும் உலோகம்

புற்றுநோய்க் கட்டிக்கு வழக்கமாக ஒரு நாளைக்குக் கொடுக்கும் கதிர்வீச்சு இரண்டு கிரே. ஒரு கிலோ திசுவில் ஒரு ஜூல் ஆற்றல் தங்கினால் அது ஒரு கிரே. அந்த இரண்டு ஜூலை ஒரு கிலோ தண்ணீரில் வெப்பமாகச் சேர்த்தால், ஒரு டிகிரியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான் சூடு ஏறும். வீட்டுத் தெர்மாமீட்டர் அசையக்கூட அசையாது. ஆனால் எக்ஸ் கதிராக வரும்போது கதையே வேறு. ஒரே நேரத்தில் உடல் முழுவதும் நான்கைந்து கிரே பட்டு, சிகிச்சையும் கிடைக்காவிட்டால், பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். இத்தனைச் சிறிய ஆற்றல் கொல்வதற்குக் காரணம் அது விழும் இடம். டி.என்.ஏ. என்ற இரட்டை இழைக்குள் விழுந்தால், மிகச் சிறிய ஆற்றலே இரண்டு இழைகளையும் அறுத்துவிடும்.

கதிர்வீச்சு சிகிச்சையின் வரலாறு முழுவதும், ஆற்றலை வேண்டிய இடத்தில் மட்டும் விழவைக்கும் முயற்சிதான். அதன் அண்மைக்கால அத்தியாயம் எம்ஆர்ஐ ஸ்கேனரையும் கதிர் பாய்ச்சும் கருவியையும் ஒன்றாகக் கட்டியிருக்கிறது. நோயாளி படுத்திருக்க, கட்டியைப் படமெடுத்தபடியே கதிரைப் பாய்ச்சலாம். கட்டி சரியாகத் தெரியவில்லையென்றால் எம்ஆர்ஐ அறையின் பழைய உத்தி கைகொடுக்கும்: கையில் ஊசி, ஊசியில் கடோலினியம். இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. கடோலினியம் கனமான உலோகம். கன உலோகங்கள் எக்ஸ் கதிரை விழுங்கக்கூடியவை என்பது ஈயக் கவசம் அணிந்த எக்ஸ்ரே ஊழியர் எவருக்கும் தெரியும். அந்த உலோகம் கட்டிக்குள் இருக்கும் நேரத்தில் கதிரும் வந்தால், கட்டி வாங்கும் டோஸ் கூடுமா? மருத்துவர் எழுதிய கணக்கு தப்புமா?

ஒட்டாத இரண்டு கருவிகள்

எம்ஆர்ஐயும் கதிர்க் கருவியும் சந்தித்ததே எளிதில் நடந்ததல்ல. லினாக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் நேர்முடுக்கி, எலக்ட்ரான்களை ஒளிவேகத்துக்கு அருகில் விரட்டி, உலோகத் தகடு ஒன்றில் மோதவைத்து எக்ஸ் கதிரை உண்டாக்குகிறது. பக்கத்தில் காந்தம் இருந்தால் அந்த எலக்ட்ரான்கள் பாதை விலகும். எம்ஆர்ஐயோ உடலிலிருந்து வரும் மிக மெல்லிய ரேடியோ அலையைக் கேட்டுப் படம் வரைகிறது. லினாக்கின் மின்துடிப்புகள் அதற்கு இரைச்சல். கனடாவின் எட்மன்டனில் ஜீனோ ஃபலோன் குழு 2008இல் இரண்டையும் ஒரே நேரத்தில் இயக்கிப் படமெடுத்துக் காட்டியது. நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் யான் லாகென்டெய்க், பாஸ் ராய்மாகர்ஸ் குழு 1.5 டெஸ்லா காந்தத்துடன் 7 மெகாவோல்ட் லினாக்கை இணைத்தது. அந்தக் கருவியில் முதல் நோயாளிக்கு 2017 மே மாதம் சிகிச்சை நடந்தது. அதற்கும் முன்பே, 2014இல், அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் 0.35 டெஸ்லா காந்தமும் கோபால்ட் கதிர்மூலங்களும் கொண்ட கருவி நோயாளிகளுக்குப் பயன்படத் தொடங்கியிருந்தது.

படத்தில் கட்டியைப் பிரித்துக் காட்டும் கான்ட்ராஸ்ட் ஊசி இந்த அறைக்குள் நுழைந்ததற்குக் கல்லீரல் நல்ல உதாரணம். கல்லீரலில் உள்ள கட்டி பல நேரங்களில் சுற்றியிருக்கும் திசுவின் அதே சாம்பல் நிறத்தில்தான் படத்தில் தெரியும். போதாததற்கு மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஓடும். கடாக்சிடேட் என்ற கடோலினிய மருந்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு: உடலில் ஏறியதில் சுமார் பாதியை நல்ல கல்லீரல் செல்கள் உறிஞ்சிப் பித்தத்தில் தள்ளிவிடும். பெரும்பாலான கட்டிகளுக்கு அந்தத் திறமை இல்லை. ஊசி போட்ட இருபது நிமிடத்தில் கல்லீரல் வெளுத்து ஒளிர, கட்டி கறுப்பாகப் பிரிந்து நிற்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக மருத்துவர்கள் சிகிச்சைக்குச் சற்று முன் இதைச் செலுத்தி, கறுப்புப் புள்ளியைத் திரையில் பின்தொடர்ந்தபடியே கதிர் பாய்ச்சிய அனுபவத்தை 2016இல் வெளியிட்டார்கள். ஆக, கதிர் பாயும் நிமிடத்தில் உலோகம் உடலுக்குள்தான் இருக்கிறது.

காந்தத்துக்குப் பெரிது, கதிருக்குச் சிறிது

கடோலினியத்தின் அணு எண் 64. ஸ்விட்சர்லாந்தின் மாரின்யாக் 1880இல் கண்டறிந்த இந்த உலோகம், பின்லாந்து வேதியியலர் யோஹான் காடோலினின் பெயரைத் தாங்கிய கனிமத்திலிருந்து தன் பெயரைப் பெற்றது. இதன் அயனியில் இணை சேராத எலக்ட்ரான்கள் ஏழு இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். ஏழும் ஒரே திசையில் நிற்கும். பக்கத்தில் வரும் தண்ணீர் மூலக்கூறின் ஹைட்ரஜன் அணுக்கரு அந்தக் காந்தப்புலத்தில் அலைக்கழிந்து, வழக்கத்தைவிட வேகமாகத் தன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. எம்ஆர்ஐ படத்தில் அந்த இடம் வெளுப்பாகத் தெரிகிறது. நாம் பார்ப்பது கடோலினியத்தை அல்ல, அதன் அருகே வந்துபோன தண்ணீரை. ஒரே ஓர் உலோக அணு ஏராளமான தண்ணீர் மூலக்கூறுகளை முறைவைத்து மாற்றிவிடுவதால், மிகக் குறைந்த மருந்தே படத்துக்குப் போதும்.

எவ்வளவு குறைவு? வழக்கமான ஊசி, உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிமோல். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு உள்ளே போகும் உலோகம் ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவு. அது இரத்தத்திலும் செல்களுக்கு இடையிலுள்ள நீரிலும் பரவிய பிறகு, ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. எடையில் சொன்னால், திசுவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே. கல்லீரலுக்கான கடாக்சிடேட் ஊசியில் கடோலினியம் இதிலும் கால்வாசிதான்.

இனி எக்ஸ் கதிரின் பக்கம். எக்ஸ் கதிர்த் துகளான ஃபோட்டான் ஓர் அணுவைச் சந்திக்கும்போது முக்கியமாக இரண்டில் ஒன்று நடக்கும். ஆற்றல் குறைந்த ஃபோட்டானை அணு முழுதாக விழுங்கி, உள்வட்ட எலக்ட்ரான் ஒன்றை வெளியே எறியும்; இது ஒளிமின் விளைவு. அணு எண் ஏற ஏற இது பன்மடங்காகப் பெருகும். ஆற்றல் மிகுந்த ஃபோட்டானோ வழியில் கண்ட எலக்ட்ரானை இடித்துவிட்டுத் திசை மாறிப் போகும். இது காம்ப்டன் சிதறல். இதற்கு எலக்ட்ரான் எந்த அணுவைச் சேர்ந்தது என்ற கவலையே இல்லை, எத்தனை எலக்ட்ரான் இருக்கிறது என்பது மட்டுமே கணக்கு.

ஸ்கேன், எக்ஸ்ரே அறைகளில் புழங்கும் பத்துக் கணக்கான கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் கடோலினியம் பெரும்பசிக்காரன். அதன் உள்வட்ட எலக்ட்ரானைப் பெயர்க்க 50.2 கிலோ எலக்ட்ரான்வோல்ட் தேவை. அந்த வரம்பைத் தாண்டியதும் விழுங்கும் திறன் சட்டென்று உயர்கிறது; 60 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் ஒரு கிராம் கடோலினியம் ஒரு கிராம் தண்ணீரைப்போல் ஐம்பது மடங்குக்கும் மேல் கதிரைத் தடுக்கிறது. சிகிச்சைக் கருவியின் ஃபோட்டான்களோ மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் கணக்கில் வருகின்றன. அங்கே காம்ப்டன் சிதறலின் ஆட்சி. அந்த ஆட்சியில் நம் எதிர்பார்ப்பு தலைகீழாகிறது. தண்ணீரின் எடை 18 அலகு என்றால் அதில் பத்து எலக்ட்ரான். கடோலினியத்தின் எடை 157 அலகுக்கு 64 எலக்ட்ரான். எடைக்கு எடை வைத்துப் பார்த்தால் கடோலினியத்தில் எலக்ட்ரான்கள் கால் பங்குக்கு மேல் குறைவு. இந்த ஆற்றலில், கிராமுக்குக் கிராம், இந்தக் கன உலோகம் தண்ணீரைவிடச் சற்றுக் குறைவாகவே கதிரோடு மோதும். ஈயச் சுவர் சிகிச்சைக் கதிரைத் தடுப்பதும் பெரும்பாலும் அதன் அடர்த்தியால்தான்.

பத்தாயிரத்தில் ஒரு பங்கு உலோகம், அதுவும் தண்ணீரைவிடப் பசி குறைந்தது. அதனால் வரும் மாற்றம் எந்த அளவீட்டுப் பிழைக்குள்ளும் மறைந்துபோகும். கடோலினியத்துக்கு மிகப் பிடித்த 60 கிலோ எலக்ட்ரான்வோல்ட் கதிரையே பாய்ச்சினாலும், இந்த அடர்த்தியில் டோஸ் ஓரிரு சதவீதத்துக்கு மேல் கூடாது. ஆகவே கேள்விக்கு முதல் பதில்: கட்டி வாங்கும் சராசரி டோஸ் மாறுவதில்லை.

தாளில் மாறும் டோஸ்

உடலில் மாறாவிட்டாலும் கணக்கில் மாறலாம். கதிர்வீச்சுத் திட்டம் பெரும்பாலும் சி.டி. ஸ்கேன் படத்தின் மேல் போடப்படுகிறது. சி.டி. படத்தின் ஒவ்வொரு புள்ளியும் திசுவின் எலக்ட்ரான் அடர்த்தியைக் கணினிக்குச் சொல்லிவிடும். அதை வைத்துக் கதிர் எங்கே எவ்வளவு குறையும் என்று கணினி கணக்கிடும். சி.டி.க்கு ஏற்றும் அயோடின் கான்ட்ராஸ்ட், கதிரை நேரடியாக விழுங்கித் தன்னைக் காட்டிக்கொள்ளும் பொருள். இரத்தக் குழாயில் அயோடின் இருக்கும்போது எடுத்த படத்தைக் கொடுத்தால், அந்த இடம் எலும்பைப்போலக் கெட்டியானது என்று கணினி நம்பி, இல்லாத தடுப்பை இருப்பதாகக் கணக்கில் சேர்த்துவிடும். சிகிச்சை நாளில் உடலில் அயோடினே இருக்காது. அதனால்தான் கான்ட்ராஸ்ட் ஏற்றாமல் ஒரு படமும் ஏற்றி ஒரு படமும் எடுத்து, கட்டியின் எல்லையைப் பின்னதிலும் டோஸ் கணக்கை முன்னதிலும் பார்க்கிற வழக்கம் இருக்கிறது.

எம்ஆர்ஐ படத்துக்கு இந்தச் சிக்கல் வேறு உருவில் வருகிறது. அதன் வெளுப்பும் கறுப்பும் எலக்ட்ரான் அடர்த்தியைச் சொல்வதே இல்லை. எலும்பும் காற்றும் ஒன்றுபோலக் கறுப்பாகத் தெரியும். கதிருக்கு அவை இரண்டும் இரு துருவங்கள். எனவே எம்ஆர்ஐ வழிகாட்டும் சிகிச்சையில், பழைய சி.டி. படத்தை அன்றைய உடலுக்குப் பொருத்தியோ, உறுப்புக்கு உறுப்பு ஓர் அடர்த்தியை எழுதிக்கொடுத்தோ, எம்ஆர்ஐயிலிருந்து செயற்கையாக ஒரு சி.டி. படத்தை உருவாக்கியோ கணக்குப் போடுகிறார்கள். மூன்றாவது முறையில் கவனம் தேவை. கான்ட்ராஸ்ட் இல்லாத படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருளிடம் கடோலினியத்தால் வெளுத்த படத்தைக் கொடுத்தால், அது திசுவை மாற்றிப் புரிந்துகொள்ள இடமுண்டு.

சராசரிக்குள் ஒளிந்திருப்பது

இதுவரை பேசியதெல்லாம் சராசரி. மாவட்டத்தின் சராசரி மழை ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடவில்லை என்று வானிலை அறிக்கை சொல்லும் அதே நாளில், ஒரு தெருவில் மட்டும் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்திருக்கலாம். செல்லுக்குள்ளும் அப்படி ஒன்று நடக்கிறதா என்ற ஐயம் நெடுநாளாக உண்டு.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1970களில் அமோஸ் நார்மனும் அவரது சகாக்களும், இதயக் குழாய்களைப் படமெடுக்க எக்ஸ் கதிரும் அயோடின் கான்ட்ராஸ்டும் வாங்கிய குழந்தைகளின் இரத்த அணுக்களை ஆராய்ந்தார்கள். குரோமோசோம் சேதத்தில் கான்ட்ராஸ்டுக்கும் பங்கு இருப்பதாகத் தெரிந்தது. படத்துக்காக ஏற்றிய மருந்து கதிரின் வேலையைக் கூட்டிவிட்டது. பயப்படவேண்டிய இந்தச் செய்தியை நார்மன் ஒரு வாய்ப்பாகப் பார்த்தார். கட்டிக்குள் அயோடினைத் தேக்கி, சி.டி. ஸ்கேனரையே சிறிது மாற்றி, அதன் குறைந்த ஆற்றல் கதிராலேயே மூளைக் கட்டிகளுக்குச் சிகிச்சை தரும் முயற்சி 1990களில் மனிதர்கள்வரை போனது.

அடுத்தது தங்கத்தின் முறை. 2004இல் ஜேம்ஸ் ஹெயின்ஃபெல்டு குழு 1.9 நானோமீட்டர் தங்கத் துகள்களை எலிகளுக்கு ஏற்றி, 250 கிலோவோல்ட் எக்ஸ் கதிரைப் பாய்ச்சியது. கதிர் மட்டும் பெற்ற எலிகளில் ஓராண்டு உயிர்வாழ்ந்தவை 20 சதவீதம்; தங்கமும் கதிரும் பெற்றவற்றில் 86 சதவீதம். ஏற்றிய தங்கம் கிலோவுக்கு 2.7 கிராம். அறுபது கிலோ மனிதருக்கு அதே விகிதத்தில் இருபது சவரன். ஆய்வகத்துக்கும் மருத்துவமனைக்கும் இடையிலுள்ள தூரத்தை இந்த ஓர் எண்ணே சொல்லிவிடுகிறது.

கடோலினியம் இந்த வரிசையில் சேர்ந்தது பிரான்சின் லியோன் நகரில். ஆகுவிக்ஸ் என்ற துகள் அங்கே உருவானது. சிலிக்கான் சார்ந்த வலைப்பின்னலில் கடோலினியக் கூடுகளைப் பதித்த, ஐந்து நானோமீட்டர் அளவுக்குட்பட்ட உருண்டை. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் அளவுக்குச் சிறியது. கட்டியின் ஓட்டை விழுந்த இரத்தக் குழாய்களில் கசிந்து தங்கும் அளவுக்குப் பெரியது. எம்ஆர்ஐயில் கான்ட்ராஸ்டாக ஒளிரும், கதிர் வரும்போது அதன் கையை ஓங்கச் செய்யும் என்பது நோக்கம். கிரனோபிளில் மூளைக்குப் புற்று பரவிய 15 நோயாளிகளிடம் முதல் கட்டச் சோதனை நடந்தது. கிலோவுக்கு 100 மில்லிகிராம்வரை ஏற்றியும் மருந்தின் அளவைக் கட்டுப்படுத்தவேண்டிய நச்சு விளைவு வரவில்லை. ஊசி போட்டு ஒரு வாரம் கழித்தும் கட்டிகளில் துகள்களின் தடம் எம்ஆர்ஐயில் தெரிந்தது.

ஆய்வகச் சோதனைகளில் ஒரு புதிர் தொடர்ந்து தலைகாட்டுகிறது. மெகாவோல்ட் கதிரில் இத்துகள்கள் சராசரி டோஸைச் சற்றும் உயர்த்துவதில்லை என்று கணக்கு சொல்கிறது. ஆனால் செல்கள் கணக்கைத் தாண்டிச் சாகின்றன. இதற்கு ஒரு விளக்கம் லீசே மைட்னர் 1922இலும் பியேர் ஓஷே 1923இலும் தனித்தனியே விவரித்த நிகழ்வில் இருக்கிறது. கன அணுவின் உள்வட்டத்தில் ஒரு காலியிடம் விழுந்தால், மேல் வட்ட எலக்ட்ரான் இறங்கி வந்து அதை நிரப்பும். மிஞ்சும் ஆற்றலில் இன்னொரு எலக்ட்ரான் வெளியே தெறிக்கும். அதனால் புதுக் காலியிடங்கள், மேலும் தெறிப்புகள். ஆற்றல் குறைந்த இந்த எலக்ட்ரான்களில் பல சில நானோமீட்டர் தூரத்துக்குள் தம் ஆற்றலையெல்லாம் கொட்டிவிடும். பல துகள்கள் கூடியிருக்கும் இடத்தில், ஒரு செல்லின் மூலையில், டோஸ் சராசரியைப்போல் பன்மடங்கு ஏறலாம். பெல்ஃபாஸ்டின் மெக்மஹன் குழு 2011இல் தங்கத் துகள்களுக்கு இப்படிக் கணக்கிட்டு, சராசரி சொல்லாத சேதத்தை இந்த உள்ளூர் வெள்ளம் விளக்கக்கூடும் என்று காட்டியது. துகள்கள் செல்லின் வேதியியலையும் பழுதுபார்க்கும் திறனையும் குலைக்கலாம் என்பது இன்னொரு விளக்கம். வழக்கு இன்னும் முடியவில்லை. சாதாரணக் கான்ட்ராஸ்ட் ஊசியிலோ கடோலினியம் துகளாகத் திரளாமல் தனித்தனி மூலக்கூறாகப் பரவிக் கிடக்கிறது. பெரும்பாலும் செல்லுக்குள் நுழைவதும் இல்லை. டி.என்.ஏ.வுக்கு வெகுதூரத்தில் நடக்கும் நானோமீட்டர் தெறிப்பு யாரையும் தொடாது.

சிகிச்சையின்போது சுற்றியிருக்கும் காந்தம் இதையெல்லாம் மாற்றுமா? காந்தப்புலம் எலக்ட்ரானை வளைக்கும். கதிர் கிளப்பிவிடும் ஒரு மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரான், 1.5 டெஸ்லாவில் சுமார் மூன்று மில்லிமீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் சுழலும். தோலிலிருந்தோ குடலின் காற்றுப்பையின் ஓரத்திலிருந்தோ காற்றுக்குள் தப்பியோடும் எலக்ட்ரான் அரைவட்டம் அடித்துத் திரும்பி வந்து அதே திசுவைத் தாக்கும். இதனால் அந்த ஓரங்களில் டோஸ் கணிசமாக ஏறும்; திட்டமிடும் மென்பொருள் இதைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். கடோலினியம் தெறிக்கவிடும் ஐந்து கிலோ எலக்ட்ரான்வோல்ட் எலக்ட்ரானோ ஒரு மைக்ரோமீட்டர் ஓடுமுன்னே நின்றுவிடும். அதன் வளைவின் ஆரம் அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். வளையத் தொடங்குமுன்னே ஓட்டம் முடிந்துவிடுகிறது.

கூடு உடையுமா?

தனியாக உலவும் கடோலினியம் அயனி நச்சு. ஆகவே நகம்போல் சுற்றிப் பிடிக்கும் மூலக்கூறுக்குள் பூட்டித்தான் ஊசியில் தருகிறார்கள். அந்தப் பூட்டைக் கதிர் உடைத்துவிடாதா? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கதிர் தண்ணீரைப் பிளக்கும்போது பிறக்கும் ஹைட்ராக்சில் ராடிக்கல்தான் இங்கே முதன்மைக் குற்றவாளி. ஒரே நாளில் பத்து கிரே என்ற பெரிய டோஸ் கொடுத்தாலும் ஒரு லிட்டரில் அவை பிறப்பது சுமார் மூன்று மைக்ரோமோல். வழக்கமான ஊசிக்குப் பின் அதே லிட்டரில் இருக்கும் கடோலினியக் கூடுகளோ சுமார் நானூறு மைக்ரோமோல். பிறந்த ராடிக்கல்கள் அனைத்தும் கூட்டையே குறிவைத்தாலும் நூற்றில் ஒன்றுகூட உடையாது. உண்மையில் அவற்றில் பெரும்பாலானவற்றைச் சுற்றியுள்ள புரதங்களும் மற்ற மூலக்கூறுகளும் பிடித்துக்கொள்ளும்.

கவலைப்படவேண்டியது வேறு திசையில் இருக்கிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் தோலும் உள்ளுறுப்புகளும் இறுகிப்போகும் நோய்க்கும் கடோலினிய ஊசிக்கும் உள்ள தொடர்பு 2006இல் வெளிப்பட்டது. திரும்பத் திரும்ப ஊசி பெற்றவர்களின் மூளையில் இந்த உலோகத்தின் தடம் தெரிவதை 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். வளையமாகப் பூட்டாத பல பழைய மருந்துகளை ஐரோப்பா 2017இல் நிறுத்திவைத்தது. கல்லீரலுக்கான கடாக்சிடேட்டைத் தொடர விட்டது. இருபது, முப்பது நாள் நடக்கும் சிகிச்சையில் தினமும் ஊசி போடுவது இதனால் நினைத்துப் பார்க்கவே முடியாதது. நான்கைந்து நாளில் முடியும் உயர் டோஸ் சிகிச்சையில்கூட எத்தனை முறை என்று எண்ணித்தான் போடவேண்டும்.

மில்லிமீட்டரில் கிடைக்கும் லாபம்

இப்படியிருக்க, கான்ட்ராஸ்ட் டோஸைப் பெரிதாக மாற்றும் இடம் ஒன்று உண்மையிலேயே உண்டு. அது அணுவுக்குள் இல்லை, மருத்துவர் கட்டியைச் சுற்றி வரையும் கோட்டில் இருக்கிறது. கட்டி சரியாகத் தெரியாவிட்டாலும் அசைந்தாலும், தவறவிடக்கூடாது என்பதற்காகச் சுற்றிலும் ஓர் ஓரம் சேர்த்துத்தான் கதிர் பாய்ச்சுவார்கள். மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கட்டியின் பருமன் 14 கன சென்டிமீட்டர். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் ஓரம் சேர்த்தால் முழு டோஸ் வாங்கும் பருமன் 65 கன சென்டிமீட்டராகிறது. ஓரத்தை மூன்று மில்லிமீட்டராகக் குறைத்தால் 24. இடையிலுள்ள 41 கன சென்டிமீட்டரும் நல்ல திசு. கட்டியைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

அந்த ஓரத்தைக் குறைத்ததன் பலனை, நார்மன் பணியாற்றிய அதே பல்கலைக்கழகம் 2023இல் அளந்து சொன்னது. புரோஸ்டேட் புற்று உள்ள 156 பேரில் ஒரு பகுதியினருக்குச் சி.டி. வழிகாட்ட நான்கு மில்லிமீட்டர் ஓரமும், மற்றவர்களுக்கு எம்ஆர்ஐ வழிகாட்ட இரண்டு மில்லிமீட்டர் ஓரமும் வைத்துச் சிகிச்சை தந்தார்கள். சொல்லத்தக்க சிறுநீர்த் தொந்தரவு முதல் குழுவில் 43 சதவீதம், இரண்டாவதில் 24. புரோஸ்டேட்டை எம்ஆர்ஐயில் பார்த்துப் பின்தொடரக் கான்ட்ராஸ்ட் தேவையில்லை. கல்லீரல்போல அது தேவைப்படும் உறுப்புகளில், ஊசி வாங்கித் தருவது இந்த மில்லிமீட்டர்களைத்தான்.

எனவே ஊசிக்குக் கை நீட்டும் நோயாளி கேட்கவேண்டிய கேள்வி, இந்த உலோகம் என் கதிர்வீச்சைக் கூட்டிவிடுமா என்பதல்ல. என் சிறுநீரகம் இதை வெளியேற்றும் நிலையில் இருக்கிறதா, இந்த ஊசியால் என் கட்டியின் எல்லை எவ்வளவு தெளிவாகத் தெரியப்போகிறது என்ற இரண்டையும் கேட்கலாம். டோஸ் குறையப்போவது கட்டியில் அல்ல, அதன் அண்டை வீட்டில்.